இரு நகரங்களுக்கு இடையே விமானத் தூரமும் பயண நேரமும்: நாமே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு நகரங்களின் பெயரைத் தட்டினால் தூரத்தையும் நேரத்தையும் சொல்லும் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் லண்டன்–நியூயார்க் என்று கேட்டால் ஒன்று 5,540 கிலோமீட்டர் என்கிறது, இன்னொன்று 5,555 என்கிறது. ஒரு கருவி ஆறேகால் மணி நேரம் என்று காட்ட, டிக்கெட்டிலோ எட்டு மணி நேரம் என்று இருக்கிறது. இவற்றில் எதுவும் பிழை இல்லை. வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்களை நாம் ஒரே கேள்விக்கானவை என்று எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

புதிதாக இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் சூத்திரத்தில் தடுமாறுவது குறைவு. விமான நிலையம் எதுவென்று முடிவாகும் முன்பே தூரத்தை அளந்துவிடுகிறார்கள், கடிகாரத்தைச் சரிசெய்யும் முன்பே நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றும் முந்தைய படியின் விடையை எடுத்துக்கொண்டுதான் நகரும்.

1. எந்தத் தூரம், எந்த நேரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தூரத்தில் இரண்டு வகை உண்டு. பூமியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறைந்த தூரம் ஒன்று. இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். விமானம் உண்மையில் பறந்த தூரம் இன்னொன்று. இது எப்போதும் முதலாவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், நாளுக்கு நாள் மாறவும் செய்யும்.

நேரத்தில் மூன்று வகை. சக்கரம் தரையை விட்டு எழுந்ததிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை இருப்பது பறக்கும் நேரம். கேட்டிலிருந்து விமானம் பின்னால் தள்ளப்படும் நொடியிலிருந்து போய்ச் சேரும் கேட்டில் நிற்கும் வரை உள்ளது பிளாக் டைம். விமான நிறுவனங்களின் அட்டவணையிலும் டிக்கெட்டிலும் இருப்பது இந்த இரண்டாவதுதான். இடையில் விமானம் மாறுவதும் காத்திருப்பதும் சேர்ந்தால் அது மொத்தப் பயண நேரம்.

கருவி காட்டிய ஆறேகால் மணி நேரம் பெரும்பாலும் தூரத்தை வேகத்தால் வகுத்த வெறும் எண். டிக்கெட்டில் உள்ள எட்டு மணி நேரம் பிளாக் டைம். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது சரி என்று மல்லுக்கு நிற்பதில் பயனில்லை.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை; சைன், கொசைன் போடும் கால்குலேட்டர் அல்லது ஒரு விரிதாள்; எந்த வகை விமானம் என்ற தோராயமான தகவல்; பயணத் தேதி; இரு ஊர்களின் நேர மண்டலம்.

இதில் பலரும் விட்டுவிடுவது தேதியை. தூரத்துக்குத் தேதி எதற்கு என்று தோன்றும். தூரத்துக்குத் தேவையில்லை, நேரத்துக்குத் தேவை. மேலடுக்குக் காற்று பருவத்துக்குப் பருவம் மாறுகிறது, பல நாடுகளில் கடிகாரமும் மாறுகிறது. மாதத்தை மட்டும் வைத்துக்கொண்டால் மார்ச்சிலும் அக்டோபரிலும் கண்டிப்பாக இடறுவீர்கள். ஏன் என்று 9ஆம் படியில் வருகிறது.

3. நகரத்தை விமான நிலையமாக மாற்றுங்கள்

விமானம் நகரத்திலிருந்து கிளம்புவதில்லை, விமான நிலையத்திலிருந்துதான் கிளம்புகிறது. சொல்வதற்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும் பாதிப் பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன.

லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி என்று பல நிலையங்கள். டோக்கியோவுக்கு ஹனேடாவும் நரிட்டாவும். நியூயார்க் என்றால் ஜான் எஃப். கென்னடி, லாகார்டியா, அப்புறம் பக்கத்து மாநிலத்தில் இருக்கும் நியூவர்க். பெரிய நகரங்களுக்கு நகரம் முழுவதற்கும் பொதுவான ஒரு மூன்றெழுத்துக் குறியீடும் இருக்கிறது: லண்டனுக்கு எல்ஓஎன், நியூயார்க்குக்கு என்ஒய்சி. டிக்கெட் தேட அது வசதி. தூரக் கணக்குக்கு உதவாது, ஏனென்றால் அது எந்த ஓடுபாதையையும் குறிப்பதில்லை. ஹீத்ரோவுக்கு எல்எச்ஆர், கென்னடிக்கு ஜேஎஃப்கே என்று நிலையத்தின் சொந்தக் குறியீட்டையே எடுங்கள்.

தூரத்தில் வரும் வித்தியாசம் சில பத்து கிலோமீட்டர்தான். ஆனால் ஹனேடாவில் இறங்கி நரிட்டாவில் அடுத்த விமானம் ஏற வேண்டியவருக்கு அது நகரத்தைக் கடந்து போகும் ஒரு தரைவழிப் பயணம்.

ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பது இதைவிடப் பெரிய தொல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு சான் ஹோசே, கோஸ்டாரிக்காவில் ஒரு சான் ஹோசே. கனடாவிலும் ஒரு லண்டன் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போவதாக நினைத்து டிக்கெட் எடுத்து, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள சிட்னியில் போய் இறங்கியவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். குறியீட்டோடு நாட்டின் பெயரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

4. அட்சரேகை, தீர்க்கரேகையைச் சுத்தம் செய்யுங்கள்

எண்களைச் சூத்திரத்தில் போடும் முன் மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, பாகையும் நிமிடமும். 40°38′ என்பது 40.38 அல்ல. நிமிடத்தை 60ஆல் வகுத்துச் சேர்க்க வேண்டும்: 38 ÷ 60 = 0.63, ஆக 40.63. இந்த ஒரு பிழை மட்டும் கால் பாகை, அதாவது 28 கிலோமீட்டர் அளவுக்கு விடையைத் தள்ளிவிடும். தப்பு என்று உடனே கண்ணில் படாத அளவு அது. அதனால்தான் ஆபத்து.

இரண்டாவது, குறி. வடக்கும் கிழக்கும் கூட்டல், தெற்கும் மேற்கும் கழித்தல். நியூயார்க்கின் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறந்தால் அது மத்திய ஆசியாவுக்குப் போய்விடும். நல்லவேளை, இந்தப் பிழை விடையில் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, வரிசை. சில கருவிகள் அட்சரேகையை முதலில் தரும், சில மென்பொருள்கள் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். அட்சரேகை 90ஐத் தாண்டவே தாண்டாது. முதல் எண் 103 என்று இருந்தால் வரிசை மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

நமது உதாரணத்துக்கு: கென்னடி நிலையம் 40.64, −73.78. ஹீத்ரோ 51.47, −0.46. இரண்டு தசமம் போதும். அதில் வரும் பிழை ஒரு கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். ஒரு பெரிய விமான நிலையத்தின் ஓடுபாதையே மூன்று நான்கு கிலோமீட்டர் நீளம்.

5. பெருவட்டத் தூரத்தைக் கணக்கிடுங்கள்

கோளக் கொசைன் விதி இதற்குப் போதுமானது. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். இரண்டின் கொசைன்களையும் பெருக்கி, அதோடு தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டினால் கிடைப்பது நடுக்கோணத்தின், அதாவது பூமியின் மையத்தில் இரு இடங்களுக்கும் இடையே உள்ள கோணத்தின், கொசைன்.

எண்களோடு பார்த்தால் எளிது:

சைன் 40.64 = 0.6513, சைன் 51.47 = 0.7823. பெருக்கினால் 0.5095.

கொசைன் 40.64 = 0.7588, கொசைன் 51.47 = 0.6229. தீர்க்கரேகை வித்தியாசம் 73.32, அதன் கொசைன் 0.2870. மூன்றையும் பெருக்கினால் 0.1357.

கூட்டினால் 0.6452. இதற்குத் தலைகீழ்க் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் 49.82 பாகை.

பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று கொண்டால் பெருவட்டத்தில் ஒரு பாகை 111.2 கிலோமீட்டர். 49.82 × 111.2 = சுமார் 5,540 கிலோமீட்டர். விடை கிடைத்துவிட்டது.

விரிதாளில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான விரிதாள்களில் சைனும் கொசைனும் கோணத்தைப் பாகையில் அல்ல, ரேடியன் என்ற இன்னோர் அலகில்தான் எதிர்பார்க்கும். பாகையை அப்படியே போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, சம்பந்தமே இல்லாத ஓர் எண் சாதுவாக வந்து நிற்கும். முதலில் ரேடியனாக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். அப்படிச் செய்தால் கடைசியில் கிடைக்கும் கோணமும் ரேடியனில் இருக்கும், அதை 111.2ஆல் பெருக்காமல் நேரடியாக 6,371ஆல் பெருக்க வேண்டும்.

அப்படியானால் 5,555 என்று சொன்ன கருவி? பூமி சரியான கோளம் இல்லை. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இந்தச் சப்பையான வடிவத்தை வைத்துக் கணக்கிட்டால் 5,555 வரும். வித்தியாசம் நூற்றுக்கு 0.3 கூட இல்லை. விமானம் போகும் வழி இதைப்போலப் பல மடங்கு விலகும் என்பதால், நேரம் கணக்கிடுவதற்கு எதை எடுத்தாலும் ஒன்றுதான்.

விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் அல்லவா பறக்கிறது, அங்கே வட்டம் பெரிதாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. பெரிதாகும்தான். 6,371ஓடு 11ஐச் சேர்த்துப் பாருங்கள், 0.2 சதவீதத்துக்கும் குறைவு. விட்டுவிடலாம்.

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கும் பழக்கத்தை மட்டும் விட முடியாமல் சிலர் சிரமப்படுகிறார்கள். மாட்ரிட்டும் நியூயார்க்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 40.5 பாகையிலேயே மேற்கே போகும். அந்த வழியின் நீளம் சுமார் 5,930 கிலோமீட்டர். பெருவட்டப் பாதையோ நடுவில் 46 பாகை வரை வடக்கே ஏறி இறங்குகிறது, ஆனாலும் சுமார் 5,760தான். வரைபடத்தில் வளைந்து தெரிவதுதான் உண்மையில் நேர்வழி. விமானத்தின் திரையில் பாதை வளைந்திருப்பதைப் பார்த்து "ஏன் சுற்றிப் போகிறார்கள்?" என்று கேட்பதற்கான பதிலும் இதுவே.

6. அலகை இங்கேயே முடிவு செய்யுங்கள்

கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர். விமானிகளும் விமானத் திட்டங்களும் பயன்படுத்துவது கடல் மைல். வேகத்துக்கு நாட், அதாவது மணிக்கு ஒரு கடல் மைல். பயணிகளுக்கான பல தளங்கள் காட்டுவது சாதாரண மைல். இரண்டும் "மைல்" என்றே எழுதப்படுவதால் குழப்பம் வருகிறது. மைலில் உள்ள தூரத்தை நாட்டில் உள்ள வேகத்தால் வகுத்தால் நேரம் 15 சதவீதம் கூடிப்போகும்.

எனக்கு எல்லாவற்றையும் கிலோமீட்டருக்கு மாற்றிவிடுவதுதான் பிடிக்கும். ஒரே ஒரு விதிவிலக்கு: பெருவட்டத்தில் ஒரு பாகை ஏறக்குறைய 60 கடல் மைல். கால்குலேட்டரில் வந்த கோணத்தை 60ஆல் பெருக்கினாலே கடல் மைல் கிடைத்துவிடும். சரிபார்க்க நல்ல குறுக்குவழி.

7. சுற்று வழிக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்

பெருவட்டத்தில் அப்படியே எந்த விமானமும் பறப்பதில்லை. காற்று எந்தத் திசையில் அடிக்கிறதோ அதற்கேற்ற ஓடுபாதையில் எழும்ப வேண்டும், வரிசையில் நின்று இறங்க வேண்டும், இடையில் வகுத்த வழிகளில் போக வேண்டும். வட அட்லாண்டிக்கில் காற்றைப் பார்த்து ஒவ்வொரு நாளும் புதிதாகப் பாதைகளை வரைகிறார்கள். பகலில் மேற்கு நோக்கியும் இரவில் கிழக்கு நோக்கியும் போவதற்கு என்று தனித்தனியாக.

நீண்ட பயணத்துக்கு 3 சதவீதம், ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறைவான பயணத்துக்கு 8 முதல் 10 சதவீதம் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். குறுகிய பயணத்துக்கு ஏன் அதிகம்? எழும்பும்போதும் இறங்கும்போதும் போடும் சுற்று இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நீளம். சின்ன மொத்தத்தில் அது பெரிய பங்காகிவிடுகிறது.

இந்தச் சதவீதம் செல்லாத இடங்களும் உண்டு. வான்வெளி மூடப்பட்டிருந்தால் கணக்கே மாறிவிடும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பெரும்பாலான ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சின்கி–டோக்கியோ பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்த அந்தப் பயணம் பதின்மூன்று மணி நேரத்தைத் தொட்டது. தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை, வழி மட்டும் மாறியது. திபெத்தியப் பீடபூமியையும் பெரும்பாலான விமானங்கள் ஒதுக்கியே பறக்கின்றன. கேபினில் அழுத்தம் போனால் உடனே தாழ இறங்க வேண்டும், அங்கே தரையே மிக உயரத்தில் இருக்கிறது.

உங்கள் பெருவட்டப் பாதை இப்படிப்பட்ட பகுதிக்குக் குறுக்கே போனால் நேர்வழியை மறந்துவிடுங்கள். சுற்றிப் போகும் வழியில் ஒன்றிரண்டு ஊர்களைப் புள்ளிகளாக வைத்து, துண்டு துண்டாகப் பெருவட்டத் தூரம் கண்டு கூட்டுங்கள்.

8. வேகம், நிலையான நேரம், காற்று

மூன்றையும் ஒரே படியில் வைப்பதற்குக் காரணம், இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக் கணக்கை முடித்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

வேகத்தில் தொடங்குவோம். பெரிய அகலவுடல் விமானங்களான போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை ஒலியின் வேகத்தில் 0.85 பங்கை ஒட்டிப் பறக்கின்றன. பறக்கும் உயரத்தில் இருக்கும் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர். ஆக இவற்றின் வேகம் 900. ஏ320, 737 போன்ற ஒற்றை நடைவழி விமானங்கள் 0.78 பங்கு, அதாவது 830. ஏடிஆர் 72 போன்ற, இறக்கையில் சுழலி (புரொப்பெல்லர்) உள்ள விமானம் 500. விமான வகை தெரியாவிட்டால் ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 900, அதற்குக் கீழே 830 என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நிலையான நேரம். விமானம் கிளம்பியவுடன் 900இல் பறப்பதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகப் போவதால் சுமார் 15 நிமிடம் கூடுதலாகும். கேட்டிலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கியபின் கேட்டுக்கு வருவது இரண்டும் சேர்ந்து சிறிய நிலையத்தில் 15 நிமிடம், பெரிய நிலையத்தில் 25 அல்லது அதற்கு மேல். மொத்தம் 30 முதல் 40 நிமிடம். பயணம் எவ்வளவு நீளமானாலும் இது ஏறக்குறைய மாறாது.

அதனால்தான் தூரத்தை இரட்டிப்பாக்கினால் நேரம் இரட்டிப்பாவதில்லை. 500 கிலோமீட்டர் பயணத்துக்கு வெறுமனே வகுத்தால் 36 நிமிடம் வரும்; டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரம் இருக்கும். பறக்கும் பகுதிக்குச் சமமாகத் தரைக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் போய்விடுகிறது.

காற்றுதான் மூன்றில் பெரியது. நடு அட்சரேகைகளில், விமானம் பறக்கும் உயரத்தில், ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. குளிர்காலத்தில் அது வலுக்கும். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் சாதாரணம். கிழக்கே போகிறவரை முதுகில் தள்ளும், மேற்கே போகிறவரை முகத்தில் தடுக்கும். 2020 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. ஒரு புயலோடு சேர்ந்து வீசிய காற்றின் உபயம்.

வழி முழுவதும் சராசரி எடுத்தால் இவ்வளவு வலு இருக்காது. வட அட்லாண்டிக், வட பசிபிக் வழிகளுக்கு மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொடக்கக் கணக்காக வைத்து, குளிர்காலத்தில் கூட்டுங்கள், கோடையில் குறையுங்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் உள்ள வழிகளுக்கும் நேர் வடக்கு–தெற்கு வழிகளுக்கும் பூஜ்யம் என்றே வைக்கலாம்.

இப்போது உதாரணத்தை முடிப்போம். 5,555ஓடு 3 சதவீதம் சேர்த்தால் 5,720 கிலோமீட்டர்.

லண்டனிலிருந்து நியூயார்க்: வேகம் 900 − 80 = 820. 5,720 ÷ 820 = 6.98, அதாவது 6 மணி 59 நிமிடம். 40 நிமிடம் சேர்த்தால் 7 மணி 39 நிமிடம்.

நியூயார்க்கிலிருந்து லண்டன்: வேகம் 980. 5,720 ÷ 980 = 5.84, அதாவது 5 மணி 50 நிமிடம். 40 சேர்த்தால் ஆறரை மணி நேரம்.

அட்டவணையில் மேற்கு நோக்கி எட்டு மணி நேரத்தை ஒட்டியும் கிழக்கு நோக்கி ஏழு மணி நேரத்தை ஒட்டியும் இருக்கும். நாம் இருபது, முப்பது நிமிடம் குறைவாகச் சொல்லியிருக்கிறோம். அந்த இடைவெளி நிறுவனங்கள் தாமதத்துக்கென்று தாமே சேர்த்துக்கொள்ளும் கையிருப்பு. "சீக்கிரமே வந்து சேர்ந்துவிட்டோம்" என்ற அறிவிப்பு அடிக்கடி கேட்பதற்குக் காரணமும் அதுதான்.

இங்கே இரண்டு சின்னப் பிழைகளைக் கவனியுங்கள். 6.98 மணி நேரம் என்பது 6 மணி 98 நிமிடம் அல்ல; தசமப் பகுதியை 60ஆல் பெருக்க வேண்டும். அடுத்தது, போகவும் வரவும் சேர்ந்தால் காற்று சமன் ஆகிவிடும் என்ற நினைப்பு. ஆகாது. 6,000 கிலோமீட்டர் தூரம், 900 வேகம், 100 காற்று என்று வைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் 6 மணி, மறுபக்கம் ஏழரை மணி, மொத்தம் 13 மணி 30 நிமிடம். காற்றே இல்லையென்றால் 13 மணி 20 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் செலவிடுவதால் அதன் பாதிப்பும் அதிகம்.

9. கடிகாரத்தைக் கடைசியில் தொடுங்கள்

புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்திலேயே டிக்கெட்டில் அச்சாகும். லண்டனில் காலை 10 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் பகல் 1 மணிக்கு இறங்குகிறது என்றால் பயணம் மூன்று மணி நேரம் அல்ல, எட்டு.

பாதுகாப்பான வழி ஒன்றே: புறப்படும் நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றுங்கள், பயண நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு சேரும் ஊரின் நேரத்துக்கு மாற்றுங்கள். உதாரணமாக, டிசம்பர் 10 இரவு 8 மணிக்கு நியூயார்க். அப்போது அது யூடிசி −5, ஆக யூடிசியில் டிசம்பர் 11 அதிகாலை 1 மணி. ஏழு மணி நேரம் கூட்டினால் காலை 8. குளிர்காலத்தில் லண்டன் யூடிசியோடு ஒத்திருப்பதால் அங்கேயும் காலை 8 மணி, டிசம்பர் 11.

"ஐந்து மணி நேர வித்தியாசம்தானே, மனதிலேயே கூட்டிக்கொள்வேன்" என்பவர்கள் திசையை மாற்றிக் கூட்டிவிடுகிறார்கள். யூடிசி வழியாகப் போனால் கூட்டலா கழித்தலா என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

கோடைக்கால நேரம் அடுத்த பொறி. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட வாரங்களில் லண்டன்–நியூயார்க் வித்தியாசம் ஐந்து அல்ல, நான்கு மணி நேரம். இலையுதிர்காலத்தில் அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் நடுவே ஒரு வாரம் மறுபடியும் நான்கு. லண்டன்–சிட்னி ஜோடி இன்னும் வேடிக்கை. தெற்கு அரைக்கோளத்தில் பருவம் தலைகீழ் என்பதால் அந்த வித்தியாசம் ஆண்டில் 11, 10, 9 என்று மூன்று விதமாக இருக்கும். தேதி வேண்டும் என்று 2ஆம் படியில் வற்புறுத்தியது இதற்குத்தான்.

எல்லா மண்டலமும் முழு மணியில் இல்லை. இந்தியாவும் இலங்கையும் +5:30, நேபாளம் +5:45, அடிலெய்டு +9:30. விரிதாளில் 5.30 என்று எழுதினால் அது 5 மணி 18 நிமிடமாகிவிடும், 5.5 என்றும் 5.75 என்றும் எழுத வேண்டும்.

பன்னாட்டுத் தேதிக் கோட்டைத் தாண்டும்போது யூடிசி முறை இல்லாமல் கணக்குப் போடாதீர்கள். குளிர்காலத்தில் டோக்கியோவிலிருந்து மாலை 5 மணிக்குக் கிளம்பினால் யூடிசியில் காலை 8. பத்து மணி நேரம் பறந்தால் மாலை 6. லாஸ் ஏஞ்சல்ஸ் −8, ஆக அதே தேதியில் காலை 10 மணி. கிளம்பிய நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்பாகவே போய்ச் சேர்ந்தாயிற்று. விடை தவறோ என்று பதறி ஒரு நாளைக் கூட்டிவிடுகிறவர்கள் ஹோட்டல் அறையை மறுநாளுக்குப் பதிவு செய்துவிட்டு நிற்பார்கள்.

10. இடையில் மாறினால்

ஒவ்வொரு துண்டையும் 3ஆம் படியிலிருந்து 8 வரை தனித்தனியாகப் போடுங்கள். கடிகாரத்தை மட்டும் கடைசியில் ஒரே ஒருமுறை மாற்றுங்கள். இடைநிறுத்த ஊரின் நேரம் மொத்தக் கணக்குக்குத் தேவையே இல்லை.

சிங்கப்பூர்–லண்டன் நேராக சுமார் 10,880 கிலோமீட்டர். துபாய் வழியாக 5,850 + 5,500 = 11,350. நான்கு சதவீதம்தான் கூடுதல். நேரத்தைப் பாருங்கள்: காற்றை விட்டுவிட்டால் நேராக 13 மணி 7 நிமிடம், இரண்டு துண்டாக 7 மணி 22 நிமிடமும் 6 மணி 58 நிமிடமும், மொத்தம் 14 மணி 20 நிமிடம். நடுவில் இரண்டரை மணி நேரக் காத்திருப்பைச் சேர்த்தால் 16 மணி 50 நிமிடம். கூடிய நேரத்தில் தூரத்தின் பங்கு அரை மணி நேரம்தான். மற்றதெல்லாம் இரண்டாவது முறை ஏறி இறங்குவதும் காத்திருப்பதும்.

காத்திருப்பு எவ்வளவு குறைவாக இருக்கலாம் என்பதை ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் "குறைந்தபட்ச இணைப்பு நேரம்" என்று வரையறுத்திருக்கிறார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு துண்டும் இருந்தால்தான் அது உங்களுக்குப் பாதுகாப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் பெட்டியை எடுத்து, குடிவரவைக் கடந்து, மறுபடி செக்இன் செய்ய வேண்டியிருக்கலாம்; அந்தக் குறைந்தபட்ச நேரத்தை நம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, "டைரக்ட்" என்று போட்டிருப்பது இடைநில்லா விமானம் என்று அர்த்தமில்லை. ஒரே விமான எண்ணோடு நடுவில் ஒரு நிலையத்தில் இறங்கி ஏறினாலும் டைரக்ட்தான். "நான்ஸ்டாப்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கணக்கிட்டதைவிட டிக்கெட் இரண்டு மணி நேரம் கூடுதலாகச் சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

11. விடையைச் சோதியுங்கள்

பூமியில் எந்த இரு இடங்களுக்கும் இடையே பெருவட்டத் தூரம் சுமார் 20,000 கிலோமீட்டரைத் தாண்டாது. தாண்டினால் சூத்திரத்தில் கோளாறு. இன்றைய மிக நீண்ட இடைநில்லாச் சேவைகளில் ஒன்றான சிங்கப்பூர்–நியூயார்க் சுமார் 15,300 கிலோமீட்டர், பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல். உங்கள் விடை அதையும் மிஞ்சினால் அப்படி நேரடி விமானம் இருப்பது சந்தேகமே.

அடுத்து, பெருவட்டத் தூரத்தைப் பிளாக் டைமால் வகுத்துப் பாருங்கள். நீண்ட பயணத்துக்கு மணிக்குச் சுமார் 700 முதல் 830 கிலோமீட்டர் வரை வரும். லண்டன்–நியூயார்க் எட்டு மணி நேரம் என்றால் 694, திரும்பும்போது ஏழு மணி நேரத்தில் 794. குறுகிய ஜெட் பயணத்துக்கு 400 வந்தாலே இயல்பு. பின்காற்று இல்லாத வழியில் 900 வந்தால் நிலையான நேரத்தைச் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். நீண்ட பயணத்தில் 500 வந்தால் வழியில் ஒரு நிறுத்தம் இருக்கிறது அல்லது கடிகாரத்தைக் கழிப்பதில் சில மணி நேரம் எங்கோ தப்பியிருக்கிறது.

இவ்வளவும் செய்தபின் தூரத்தில் சில கிலோமீட்டர் துல்லியம் கிடைக்கும், நேரத்தில் இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் துல்லியம் கிடைக்காது. ஆரத்தின் நான்காவது தசமத்தைத் தேடுவதைவிட, விமானங்களை நேரலையில் காட்டும் தளம் ஏதாவது ஒன்றில் அதே விமான எண் கடந்த ஒரு வாரத்தில் உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்ப்பது பயனுள்ளது. அங்கே காட்டுவது பறக்கும் நேரமா பிளாக் டைமா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். யாரையாவது அழைத்துவரப் போவதென்றால் அந்த வாரத்தின் மிகக் குறைந்த நேரத்தை எடுங்கள். அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் மிகக் கூடுதலான நேரத்தை எடுங்கள்.